தையல் மெசினும் முதல் மாத வகுப்பும்

சில ஆண்டுகளுக்கு முன் வன்னியில் மீள்குடியேறிய கிராமமொன்றில் ஒரு வீட்டுத் திண்ணையில் அமர்ந்து கதைத்துக்கொண்டிருந்தேன். மூலையில் பூப்போட்ட துணியால் மூடப்பட்ட ஒரு மேசை நின்றது. அதன்மேல் மாலை போட்ட கணவரின் படமும், பக்கத்தில் ஒரு வானொலிப் பெட்டியும் இருந்தன. தேநீர்க் கோப்பையை வைக்கப்போனபோதுதான் அது மேசையல்ல, தையல் மெசின் என்று தெரிந்தது. 2011ஆம் ஆண்டு வாழ்வாதார உதவியாகக் கிடைத்ததாம்.

“உது ஓடுதில்லைச் சுவாமி. ரெண்டு முழம் தைக்கிறதுக்குள்ள நூல் பத்துத்தரம் அறுந்து போகுது. அப்ப மூடி வைச்சதுதான்” என்றார் அந்த அக்கா.

மெசினைத் திறந்து பார்த்தேன். துருப்பிடிக்கவில்லை. சில்லு சுழன்றது. என்ன பிழை என்று எனக்கும் விளங்கவில்லை. குருமடத்தில் மெய்யியலும் இலத்தீனும் படிப்பித்தார்கள். பொபின் போடப் படிப்பிக்கவில்லை. ஆனால் இத்தகைய மெசின்களைக் கொடுக்கும் வேலைகளில் நானும் பங்குபற்றியிருக்கிறேன். கொடுத்த பொருள் ஏன் ஓடவில்லை என்று சொல்லத் தெரியாமல் இருப்பது வெட்கமாக இருந்தது. எனவே அடுத்த முறை எமது மண்டபத்தில் தையல் வகுப்புத் தொடங்கியபோது ஒரு மாதம் நானும் மாணவனாகப் போய் அமர்ந்தேன். பதினான்கு பெண்கள், ஓர் இளைஞர், நான். மெசின்கள் ஐந்து. அந்த மாதத்தில் விளங்கிக்கொண்டவற்றையே இங்கு எழுதுகிறேன். தையல் பழகலாமா என்று யோசிப்பவர்களுக்கும், வீட்டில் ஒரு மெசினை மூடி வைத்திருப்பவர்களுக்கும் இது உதவக்கூடும்.

தொடங்குமுன் ஒன்றைச் சொல்லவேண்டும். இடம்பெயர்ந்த பெண் என்றதும் கோழி, ஆடு, தையல் மெசின் என்ற மூன்றில் ஒன்றைக் கொடுத்துவிடுவது எம்மவர்களிடம் ஒரு வழக்கமாகிவிட்டது. அவர் வயலில் வளர்ந்தவரா, தண்ணீர்ப் பம்பு வேண்டுமென்கிறாரா என்று கேட்பதில்லை. நாற்பது வீடுள்ள கிராமத்தில் பதினைந்து வீட்டுக்கு மெசின் கொடுத்தால் யாருக்கு யார் தைப்பது? தையல் காணிக்கு ஈடாகாது. காணி இன்னும் விடுபடாமல் இருக்கும் குடும்பம் அதற்கான கோரிக்கையைக் கைவிட்டு மெசினோடு ஆறுதலடைய வேண்டியதில்லை. அதேவேளை, கமக்காரக் குடும்பமொன்று ஆண்டு முழுவதும் தையலுக்குக் கொடுக்கும் காசைக் கூட்டிப் பார்க்கவும் வேண்டும். பிள்ளைகளின் பள்ளிச் சீருடைக்கு அரசாங்கம் 1990களில் தொடங்கிய திட்டத்தில் துணி கிடைக்கிறது, தையற்கூலி கிடைப்பதில்லை. மூன்று பிள்ளைகளின் சீருடை, சாரம் மூட்டுவது, கிழிந்த காற்சட்டை, தலையணை உறை, மாமியின் உட்பாவாடை என்று எல்லாவற்றையும் ஒரு கொப்பியில் எழுதிப் பாருங்கள். வெளியே போகும் அந்தக் காசை வீட்டில் மறிப்பதுதான் முதல் வருமானம். பிறருக்குத் தைத்து உழைப்பது அதற்குப் பிறகு வரும் கதை.

முதல் கிழமை நூலில்லை

வகுப்பின் முதல் நாள் ரீச்சர் மெசின்களிலிருந்து நூலையெல்லாம் கழற்றிவிட்டார். எல்லோருக்கும் ஏமாற்றம். சட்டை தைக்க வந்தவர்களை வெறும் பெடலை மிதிக்கச் சொன்னால் எப்படியிருக்கும்? ஆனால் அதற்குக் காரணம் உண்டு.

கால் மெசினில் பெடலை மிதிக்கும்போது கீழேயுள்ள பெரிய சில்லு சுழல்கிறது. அதிலிருந்து தோல் பெல்ற் மேலேயுள்ள கைச்சில்லைச் சுழற்றுகிறது. கைச்சில்லின் மேற்பக்கம் தைப்பவரை நோக்கி வரவேண்டும். புதியவர் மிதித்தால் பாதித்தரம் அது மறுபக்கம் ஓடும். மறுபக்கம் ஓடினால் நூல் சிக்கி அறுந்துவிடும். எனவே வலதுகையால் சில்லைத் தன் பக்கமாக ஒரு தள்ளுத் தள்ளி, அது சுழலத் தொடங்கியதும் கால்களை அதனோடு சேர்க்கவேண்டும். இரண்டு பாதங்களையும் பெடலில் பதித்து, குதியும் விரலுமாக மாறி மாறி அழுத்தவேண்டும். சைக்கிள் பழகியது போலத்தான்: நினைத்துக்கொண்டு செய்தால் தடுமாறும், நினைக்காமல் செய்யும் நாளில் வந்துவிடும். எனக்கு மூன்று நாள் பிடித்தது. என் பக்கத்திலிருந்த பதினெட்டு வயதுத் தங்கச்சிக்கு அரை மணித்தியாலம்.

இவ்வாறு பழகும்போது, துணியை அழுத்திப் பிடிக்கும் இரும்புப் பாதத்தைத் தூக்கி வைத்திருக்கவேண்டும். துணியில்லாமல் பாதத்தை இறக்கி ஓட்டினால், துணியைப் பின்னால் தள்ளும் பற்கள் இரும்பில் உரசித் தேய்ந்துபோகும். கைச்சில்லின் நடுவிலுள்ள திருகைத் தளர்த்தினால் ஊசி அசையாமல் சில்லு மட்டும் சுழலும். பொபினில் நூல் சுற்றும்போதும் அப்படித்தான் செய்கிறார்கள்.

அடுத்துக் காகிதம் தைத்தோம். கோடு போட்ட கொப்பித் தாளை பாதத்தின் கீழ் வைத்து, நூலில்லாத ஊசியால் கோட்டின்மேலே துளையிட்டுப் போகவேண்டும். பிறகு சதுரம், அதன்பிறகு நத்தை ஓடு போலச் சுருண்டு வரும் கோடு. சதுரத்தின் மூலைக்கு வந்ததும் ஊசியைத் தாளுக்குள் இறக்கி நிறுத்தி, பாதத்தைத் தூக்கி, தாளைத் திருப்பி, மறுபடி பாதத்தை இறக்கவேண்டும். ஏர் பிடித்தவர்களுக்கு இதில் புதுமையில்லை. உழும்போது சால் நேராக வரவேண்டுமானால் கொழுவைப் பார்ப்பதில்லை, முன்னால் வரம்பைப் பார்க்கிறோம். அதேபோல் ஊசியைப் பார்த்துத் தைத்தால் கோடு வளையும். பாதத்தின் ஓரம் துணியின் எந்த இடத்தில் போகிறது என்று பார்த்துத் தைத்தால் நேராக வரும். காகிதம் ஊசியை மழுக்கிவிடும் என்பதால் இதற்குப் பழைய ஊசியையே போடுவார்கள்.

அந்த இளைஞரைப் பற்றியும் சொல்லவேண்டும். மிதிவெடியில் ஒரு காலை இழந்தவர். பெடலை ஒரு காலால் மிதிக்கலாமா என்ற ஐயம் எல்லோருக்கும் இருந்தது. மிதிக்கலாம். பாதத்தைப் பெடலின் நடுவில், சற்றுக் குறுக்காக வைத்துப் பழகினார். கூடுதலான நாள் எடுத்தது. சில்லை நிறுத்துவதற்குக் கையின் உதவி தேவைப்பட்டது. அவ்வளவுதான். கையால் சுழற்றும் மெசின் இன்னும் எளிது என்று பலர் நினைப்பார்கள். ஆனால் அதில் ஒரு கை சில்லோடு போய்விடும். துணியை நடத்த ஒரு கைதான் மிஞ்சும்.

தையல் எப்படி விழுகிறது

இரண்டாம் கிழமை நூல் கோத்தோம். இந்த இடத்தில் சற்றுத் தங்கி, மெசின் என்ன செய்கிறது என்பதை விளங்கிக்கொள்வது நல்லது. இது விளங்கினால் பாதிப் பழுதுகளை நீங்களே திருத்தலாம்.

கையால் தைக்கும் ஊசிக்குக் கண் பின்பக்கத்தில் இருக்கும். ஊசி முழுவதும் துணிக்குள் புகுந்து மறுபக்கம் வரும். மெசினில் அப்படி முடியாது. ஊசி மேலே இறுகப் பூட்டப்பட்டிருக்கிறது. ஆகவே மெசின் ஊசிக்குக் கண் நுனியில் இருக்கிறது. ஊசி நூலைத் துணியின் கீழே கொண்டுபோகிறது. பிறகு மேலே திரும்பத் தொடங்குகிறது. இரண்டு மில்லிமீற்றரளவு எழும்பியதும், துணி நூலைப் பிடித்துக்கொண்டிருப்பதால் கீழேயுள்ள நூல் தளர்ந்து ஊசியின் ஒரு பக்கத்தில் சிறு கண்ணியாகப் புடைக்கிறது. சரியாக அந்த வேளையில் சட்டிலின் கூர்முனை வந்து அந்தக் கண்ணிக்குள் புகுந்து அதை இழுக்கிறது. இழுத்து, பொபினும் அதன் பெட்டியும் முழுவதுமாக அந்தக் கண்ணிக்குள்ளால் போகும்படி சுற்றிக் கொண்டுவருகிறது. அதன் பின் மேலே ஏறி இறங்கும் நூல் கொக்கி மிச்ச நூலை மேலே இழுக்கிறது. மேல்நூலும் கீழ்நூலும் ஒன்றையொன்று பின்னிக்கொண்டு துணியின் நடுவில் இறுகுகின்றன.

பொபின் பெட்டி ஏன் மெசினோடு திருகிப் பூட்டப்படாமல் சற்றுத் தளர்வாக இருக்கிறது என்று நான் கேட்டேன். ரீச்சர் சிரித்தார். அதைச் சுற்றி நூல் போய்வர வேண்டுமே! எல்லாப் பக்கமும் பூட்டினால் நூல் எந்த வழியாகப் போகும்?

இந்தக் கண்டுபிடிப்பு ஒரே நாளில் வந்ததல்ல. பிரான்சு நாட்டுத் தையற்காரரான பார்த்தெலெமி திமோனியே 1830இல் ஒரு மெசினுக்கு உரிமம் பெற்றார். ஏறத்தாழ எண்பது மெசின்களை வைத்துப் படையினருக்கு உடை தைக்கத் தொடங்கினார். தங்கள் பிழைப்புப் போய்விடும் என்று அஞ்சிய பாரிஸ் தையற்காரர்கள் 1831இல் புகுந்து அவற்றை உடைத்தெறிந்தார்கள். அவருடைய மெசின் போட்டது சங்கிலித் தையல், ஒரு நூல்தான். யூரியா உரப்பையின் வாயைத் திறக்கும்போது சரியான முனையைப் பிடித்து இழுத்தால் முழுத்தையலும் சரசரவென்று கழன்று வருவதைக் கண்டிருப்பீர்கள். அது சங்கிலித் தையல். பைக்கு அது நல்லது, சட்டைக்கு ஆபத்து. நுனியில் கண்ணுள்ள ஊசியையும் கீழே இரண்டாவது நூலையும் சேர்த்து அமெரிக்கரான எலியாஸ் ஹோவ் 1846இல் உரிமம் பெற்றார். அந்தத் தையலில் ஓரிடத்தில் நூல் அறுந்தாலும் மற்ற இடம் நிற்கும். ஐசாக் சிங்கர் 1851இல் ஊசியை நேராக மேலும் கீழும் இயங்கச் செய்து, துணியை அழுத்தும் பாதத்தையும் அமைத்தார். சிங்கர் கம்பனி 1877இல் இலங்கைக்கு வந்தது. எமது ஊர்களில் பல வீடுகளில் சிங்கர் என்றாலே தையல் மெசின்தான். இயந்திரங்களைக் கடுமையாக எதிர்த்த காந்தியடிகள்கூட 1924இல் தையல் மெசினுக்கு விதிவிலக்குக் கொடுத்தார். வீட்டிலிருக்கும் பெண்ணின் சுமையைக் குறைக்கிறதே என்பது அவர் கண்ட நியாயம்.

ஊசி, நூல், இழுவை

ஊசியை எடுத்து உற்றுப் பாருங்கள். பூட்டும் தண்டு ஒரு பக்கம் தட்டையாகவும் மறுபக்கம் உருண்டையாகவும் இருக்கும். உருண்டைப் பக்கத்தில் நுனிவரை ஒரு நீண்ட வாய்க்கால் ஓடும். தட்டைப் பக்கத்தில் கண்ணுக்கு மேலே சிறு பள்ளம் இருக்கும். நூல் வாய்க்கால் வழியாக இறங்கி, அந்தப் பக்கத்திலிருந்து கண்ணுக்குள் புகவேண்டும். பள்ளமுள்ள தட்டைப் பக்கம் சட்டிலின் கூர்முனையைப் பார்க்கவேண்டும். மெசினுக்கு மெசின் அது இடமாகவோ வலமாகவோ பின்பக்கமாகவோ இருக்கும். எனவே “இடப்பக்கம் கோ” என்று பாடமாக்காமல் சட்டில் எங்கே இருக்கிறது என்று பார்த்துப் பூட்டுங்கள். தண்டை மேலே முட்டும்வரை ஏற்றித் திருகவேண்டும். ஊசியைத் திருப்பிப் பூட்டினால் கண்ணி சட்டிலுக்கு எட்டாத பக்கத்தில் விழும். தையல் விழாது, அல்லது நூல் அறுந்துகொண்டேயிருக்கும்.

ஊசியின் இலக்கம் தண்டில் பொறித்திருக்கும். மெல்லிய துணிக்கு 11, சாதாரண பருத்தித் துணிக்கும் சீருடைக்கும் 14, தடித்த காற்சட்டைத் துணிக்கு 16, கன்வசு போன்றவற்றுக்கு 18. தடித்த துணியில் மெல்லிய ஊசியைப் போட்டு முறித்துக்கொள்வது எல்லோரும் ஒருமுறை செய்யும் பிழை. நான் இருமுறை செய்தேன்.

மேல்நூல் போகும் பாதையைச் சொல்லால் விளக்குவதைவிட ஒருவர் காட்டப் பார்ப்பதே நல்லது. நூற்கட்டையிலிருந்து கொளுவிக்கு, அங்கிருந்து இரண்டு தட்டுகளுக்கு நடுவே, பிறகு மேலே ஏறி இறங்கும் கொக்கியின் கண்ணுக்குள், அங்கிருந்து கீழே ஊசிக்கு. கோக்கும்போது பாதம் தூக்கியிருக்கவேண்டும், கொக்கி உச்சியில் நிற்கவேண்டும். பாதம் தூக்கியிருக்கும்போதுதான் இழுவைத் தட்டுகள் விரிந்து நூலை உள்ளே விடும். கோத்து முடிந்ததும் மேல்நூலை இடதுகையால் மெல்லப் பிடித்துக்கொண்டு சில்லை ஒருமுறை சுழற்றினால் கீழ்நூல் மேலே வரும். இரண்டு நூலையும் மூன்று நான்கு அங்குலம் விட்டு, பாதத்தின் கீழாகப் பின்னுக்குத் தள்ளிவிட்டுத் தொடங்கவேண்டும். முடிக்கும்போதும் கொக்கி உச்சிக்கு வந்தபின் துணியை இழுக்கவேண்டும். இல்லாவிட்டால் அடுத்த தையலுக்கு ஊசியிலிருந்து நூல் உருவிப் போகும்.

பொபின் பெட்டிக்கு எங்கள் ரீச்சர் ஒரு சோதனை காட்டினார். பொபினைப் போட்டு, நூல் முனையைப் பிடித்துப் பெட்டியைத் தொங்கவிட வேண்டும். தன் பாரத்திலேயே கீழே ஓடினால் இழுவை போதாது. கையை ஒரு உதறு உதறியும் அசையாவிட்டால் இறுக்கம் கூட. உதறும்போது மட்டும் சற்று இறங்கி நின்றால் சரி. பெட்டியிலுள்ள சின்னத் திருகை ஒரேயடியாகத் திருகாமல், கால் சுற்றிலும் குறைவாகவே திருப்பவேண்டும். அந்தத் திருகு கீழே விழுந்தால் மண் தரையில் தேடிப் பிடிக்க முடியாது. நாங்கள் ஒரு பின்னேரம் முழுவதும் தேடியிருக்கிறோம்.

இனிப் பழுதுகள். துணியின் அடிப்பக்கத்தில் நூல் குருவிக்கூடு போலச் சிக்குகிறது என்றால் எல்லோரும் பொபினைத்தான் குற்றம் சொல்வார்கள். பெரும்பாலும் பிழை மேலேதான். மேல்நூல் இழுவைத் தட்டுகளுக்கு நடுவே போகவில்லை, அல்லது பாதத்தை இறக்க மறந்துபோய்த் தைத்திருக்கிறீர்கள். மேல்நூலைப் பிடிப்பார் இல்லாததால் அது அடியில் போய்க் குவிகிறது. மாறாக, துணியின் மேற்பக்கத்தில் கீழ்நூல் புள்ளி புள்ளியாகத் தெரிந்தால் மேல் இழுவை கூட. தையல் இடையிடையே விழாமல் தாண்டினால் ஊசி வளைந்தோ மழுங்கியோ இருக்கும். முதலில் ஊசியை மாற்றிப் பாருங்கள். ஊசி மலிவு. மெக்கானிக்கைக் கூப்பிடுமுன் மேல்நூலை முழுவதும் கழற்றி மறுபடி கோப்பதும், ஊசியை மாற்றுவதும், சட்டிலில் அடைந்திருக்கும் பஞ்சைத் தூரிகையால் தட்டுவதும் என்ற மூன்றைச் செய்தால் கூடுதலான மெசின்கள் ஓடத் தொடங்கிவிடும்.

எண்ணெய் விடயத்தில் எனது தவறைச் சொல்கிறேன். மெசின் எண்ணெய் முடிந்த நாளில், எண்ணெய் எல்லாம் எண்ணெய்தானே என்று தேங்காயெண்ணெய் விட்டேன். அன்று நன்றாகத்தான் ஓடியது. இரண்டு கிழமையில் அது பிசினாகி, தூசியையும் பஞ்சையும் பிடித்து, சில்லைக் கையால்கூடச் சுழற்ற முடியாமற் போயிற்று. பிறகு மண்ணெண்ணெய் விட்டுப் பிசினைக் கரைத்து, துடைத்து, காயவிட்டு, உரிய எண்ணெயை ஒவ்வொரு துளையிலும் ஒரு துளி விட்டுச் சரிப்படுத்தினோம். இதைச் செய்யும்போது அடுப்போ விளக்கோ பக்கத்தில் இருக்கக்கூடாது. எண்ணெய் விட்டபின் முதலில் பழந்துணியில் தைக்கவேண்டும். இல்லாவிட்டால் வெள்ளைச் சீருடையில் கறை விழும். அப்படி விழுந்த ஒரு சீருடைக்கு நான் பணம் கொடுத்தேன்.

சாரத்திலிருந்து சட்டைக்கு

மூன்றாம் கிழமை முதற் பொருள். சிலர் வந்த நாளிலிருந்தே சாரிச் சட்டை தைக்கவேண்டும் என்றார்கள். சாரிச் சட்டை தையலில் மிகக் கடினமானவற்றுள் ஒன்று. உடம்போடு ஒட்டி நிற்கவேண்டியது. அதைத் தொடக்கத்தில் எடுத்தவர்கள் துணியையும் மனத்தையும் கெடுத்துக்கொள்வார்கள். நாங்கள் சாரம் மூட்டுவதில் தொடங்கினோம். இரண்டு மீற்றர் துணி, ஒரேயொரு நேர்த்தையல். ஆனால் அதிலும் வித்தை இருக்கிறது: இரு முனையிலும் உள்ள கோடுகள் பொருந்தவேண்டும். ஒரு முனையைச் சற்று நீட்டி வைத்து, அதை மற்றதன்மேல் மடித்து, இன்னுமொருமுறை தைத்தால் பிசிறு உள்ளே மறைந்துவிடும். தையல் நீளம் அங்குலத்துக்குப் பத்துப் பன்னிரண்டு என்று வைத்தோம். அதன்பின் துணிப்பை, தலையணை உறை, நாடா போட்ட உட்பாவாடை. நான்காம் கிழமையில்தான் சிறு பிள்ளையின் சட்டை.

வெட்டுவது தைப்பதைவிட முக்கியம். தையலைப் பிரிக்கலாம், வெட்டியதை ஒட்ட முடியாது. பருத்தித் துணியை ஓர் இரவு தண்ணீரில் ஊறவைத்து, நிழலில் உலர்த்தி, ஸ்திரி போட்ட பின்னரே வெட்டவேண்டும். இல்லாவிட்டால் முதற் தோய்ச்சலில் சுருங்கிவிடும். துணியின் கரைக்குச் சமாந்தரமாக ஓடுவது பாவு நூல். குறுக்கே ஓடுவது ஊடு. பாவு இழுபடாது, ஆகவே உடையின் நீளம் பாவின் வழியே இருக்கவேண்டும். மூலைவாட்டமாக வெட்டினால் துணி ரப்பர் போல இழுபடும். கழுத்துக்குப் பட்டி வைக்க அது நல்லது, பாவாடைக்கு அல்ல. அளவெடுத்ததும் பழைய செய்தித்தாளில் வெட்டிப் பார்த்து, அதைத் துணியின்மேல் வைத்துச் சோக்கால் கீறவேண்டும். தையலுக்கென்று அரை அங்குலம் விட மறந்து, பிள்ளைக்குப் போடமுடியாத சட்டை தைத்தவர்கள் எங்கள் வகுப்பில் நால்வர். வளரும் பிள்ளையின் சீருடைக்குக் கீழ்மடிப்பை இரண்டு மூன்று அங்குலம் விட்டுத் தைத்தால் அடுத்த ஆண்டும் அவிழ்த்து விடலாம். கடையில் ஆயத்தமாக விற்கும் உடையில் அந்த மடிப்பு இராது.

ஆயத்த ஆடையைப் பற்றிச் சொல்லாமல் விடமுடியாது. சந்தையில் சட்டைகள் மலிவாகக் கிடைக்கின்றன. அந்த விலைக்குக் கிராமத்துத் தையற்காரி தைத்துக் கொடுக்க முடியாது. எனவே புதுச்சட்டை தைத்து விற்கலாம் என்று தொடங்கியவர்களில் பலர் சோர்ந்துபோனதைக் கண்டிருக்கிறேன். நின்று பிடித்தவர்கள் சீருடை, சாரிச் சட்டை, அளவு குறைத்தல், சிப் மாற்றுதல், கிழிசல் தைத்தல் ஆகியவற்றைச் செய்தவர்கள்தாம். ஆடைத் தொழிற்சாலை வேறு விடயம். 2009க்குப் பின் வன்னியிலும் அவை திறக்கப்பட்டன. அங்குள்ளது மோட்டாரில் வேகமாக ஓடும் மெசின். ஒருவர் நாள் முழுவதும் ஒரே மூட்டையே தைப்பார். தொடக்க வகுப்பு அதற்கு ஆயத்தமல்ல, ஆனாலும் ஊசியைக் கண்டு பயம் இராது.

வகுப்பைத் தெரிவதும் மெசின் வாங்குவதும்

பல ஊர்களில் மாதர் கிராம அபிவிருத்திச் சங்கங்கள் மூலம் வகுப்புகள் நடக்கின்றன. தொழிற்பயிற்சி அதிகாரசபை போன்ற அரச நிறுவனங்களில் தேசிய தொழிற்றகைமைச் சான்றிதழ் தரும் பயிற்சிகளும் உண்டு. சேருமுன் சில கேள்விகளைக் கேளுங்கள். ஒரு மெசினுக்கு எத்தனை பேர்? மூவருக்குமேல் என்றால் பார்த்துக்கொண்டிருப்பதே வேலையாகிவிடும். பழுது பார்க்கப் பழக்குவார்களா, அல்லது சட்டை வெட்டுவது மட்டுந்தானா? வகுப்பு எத்தனை மணிக்கு? கூலிக்குக் களை பிடுங்கப் போகும் பெண்ணுக்குக் காலை ஒன்பது மணி வகுப்பு உதவாது. எங்கள் முதல் வகுப்பைக் காலபோக அரிவு வெட்டு நேரத்தில் வைத்து, மாசி மாதத்தில் பாதிப்பேர் வராமல் போனார்கள். பிழை எங்களுடையது. இப்போது பங்குனியில் பின்னேர வகுப்பாக வைக்கிறோம்.

மெசினை வகுப்பு முடியுமுன் வாங்கவேண்டாம். எது தேவை என்று அப்போதுதான் தெரியும். மின்சாரம் நின்று வரும் இடத்தில் கால் மெசின் நல்லது. பிறகு விரும்பினால் மோட்டார் பூட்டலாம். பழைய மெசின் வாங்குவதில் குறைவொன்றுமில்லை. வாங்குமிடத்தில் நீங்களே நூல் கோத்து, உங்கள் துணியில் தைத்துப் பாருங்கள். உதிரிப்பாகமும் பொபினும் பக்கத்துப் பட்டினத்தில் கிடைக்குமா என்று விசாரியுங்கள்.

கடனைப் பற்றி அவதானம் வேண்டும். தவணைமுறையில் மெசின் விற்பது 1856இலேயே அமெரிக்காவில் தொடங்கிய வழக்கம். அதனால் கோடிக்கணக்கான ஏழை வீடுகளுக்கு மெசின் போய்ச் சேர்ந்தது உண்மை. ஆனால் எமது பக்கத்தில் கிழமைக்குக் கிழமை கட்டவேண்டிய நுண்கடனில் சிக்கிய பெண்களின் நிலைமை வேறு. 2018இல் வறட்சி பாதித்த மாவட்டங்களில் பெண்கள் பட்ட இத்தகைய கடன்களின் ஒருபகுதியை அரசாங்கமே பொறுப்பேற்க வேண்டி வந்தது. தையல் வருமானம் கிழமைக்குக் கிழமை வருவதல்ல. மார்கழியிலும் தையிலும் பள்ளிக்கூடம் தொடங்கும்போதும், தீபாவளி, நத்தார், பொங்கல் நாட்களிலும் வரும். இடையில் மாதக்கணக்கில் வராது. வராத கிழமையில் எதிலிருந்து கட்டுவீர்கள் என்று கணக்குப் பார்த்துவிட்டே கையொப்பமிடுங்கள். இரண்டு மூன்று குடும்பங்கள் சேர்ந்து ஒரு மெசின் வாங்கி, நாள் பிரித்துத் தைப்பதும் நடக்கிறது. எண்ணெய் விடுவது யார் என்று முதலே தீர்மானித்துக்கொண்டால் சண்டை குறையும்.

வகுப்பு முடிந்தபின் அந்த அக்காவின் வீட்டுக்குப் போனேன். படத்தையும் வானொலியையும் இறக்கி வைத்து மெசினைத் திறந்தோம். ஊசியைக் கழற்றிப் பார்த்தால், தட்டைப் பக்கம் சட்டிலுக்கு எதிர்ப்புறமாக இருந்தது. திருப்பிப் பூட்டி, நூலைக் கோத்து, பழைய சீலைத்துண்டு ஒன்றைக் கொடுத்தேன். மிதித்தார். ஒரு முழம் போயிற்று, இரண்டு முழம் போயிற்று, நூல் அறவில்லை.

“இவ்வளவுதானே? உதைச் சொல்லித்தர ஒருத்தரும் வரேல்லையே” என்றார். நான் பதில் சொல்லவில்லை. வகுப்புக்கு வருகிறீர்களா என்று கேட்டேன். வீட்டைச் சுற்றிய கால் ஏக்கரில் நிலக்கடலை போட்டிருந்தார். “கச்சான் பிடுங்கி முடியட்டும் சுவாமி, வாறன். படத்துக்கு ஒரு தட்டும் அடிக்கவேணும்” என்றார்.